அரிதா, கிராக்கியா? பழைய இசைத்தட்டுக்குப் பத்தாயிரம் ரூபாயை எங்கே கொடுப்பது

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணே, இதை வாங்கலாமா?" இணையத்தில் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த படம். 1980களின் தொடக்கத்தில் வந்த இளையராஜா எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு. விலை 9,500 ரூபாய். கீழே "மிக மிக அரிது, ஒரிஜினல் முதல் பதிப்பு, கடைசி பீஸ்" என்று எழுதி, பக்கத்தில் இரண்டு தீ பொம்மை. எந்தப் படத்தின் தட்டு என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வாரம் அது 11,000 ஆகிவிடும்.

அந்தத் தட்டு என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று பல வருடங்களுக்கு முன் 250 ரூபாய்க்கு வாங்கியது. இன்னொன்று மொத்தமாக வாங்கிய ஒரு கட்டில் தானாக வந்தது. இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. நான் விலைக்குக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

தம்பியிடம் தீபாவளி போனஸில் வாங்கிய பிளேயர் இருக்கிறது. தட்டுகள் ஆறோ ஏழோ. கையில் பத்தாயிரம் ரூபாய். அதை அந்த ஒரே தட்டில் கொட்டுவதா, கடைகடையாக ஏறி இறங்குவதா, யாராவது வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக அள்ளுவதா, புதிதாக அச்சடித்து வரும் மறுபதிப்பை வாங்குவதா? நான்கு வழி. அன்றைக்கு டீக்கடையில் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர்கள் "ரேர்" என்று சொல்வதில் பாதிக்கு மேல் அரிது அல்ல, கிராக்கி. தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போகும்போது யாரும் அதை அரிய காய் என்று சொல்வதில்லை. அன்றைக்கு வரத்தைவிடத் தேவை அதிகம், அவ்வளவுதான். இசைத்தட்டுக்கு மட்டும் இந்தச் சாதாரண அறிவு நமக்கு வேலை செய்ய மறுக்கிறது. பழசு, பெயர் பெற்றது, விலை அதிகம் என்று மூன்றும் சேர்ந்தால் அரிது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் அதை 1963-இல் வெளியிட்டது. அறுபது வருடத்துக்கு மேலாகிறது, சரி. ஆனால் கோயிலில், ஓட்டலில், மார்கழிக் காலையில் தெருமுனை ஸ்பீக்கரில் என்று அது ஒலிக்காத இடம் இல்லை. அதன் ராயல்டியை எம்.எஸ். திருமலை தேவஸ்தானத்துக்கே கொடுத்தார் என்பதும் ஊரறிந்த செய்தி. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்த தட்டு அது. பழைய தட்டுகள் உள்ள வீட்டுக்கு நான் போய் அது இல்லாமல் திரும்பியது குறைவு. அதையும் "1963 ஒரிஜினல்" என்று இரண்டாயிரத்துக்கு விற்கிறார்கள். லேபிளில் வட்டத்துக்குள் பி போட்டு ஓர் ஆண்டு இருக்குமே, அது அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. கையில் இருக்கும் தட்டு எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது. எழுபதுகளில், எண்பதுகளில் அடித்த தட்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும். விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூட இல்லை. பல நேரங்களில் அவருக்கே தெரியாது.

ஷோலே வசனத் தட்டும் இதே கதைதான். பாலிடார் வெளியிட்டு நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. திருவிளையாடல் கதை வசனத்தைத் திருவிழாவில் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. நக்கீரன் சொக்கேசனை எதிர்த்துப் பேசும் இடத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். இவையெல்லாம் ஆசைக்கு வாங்கலாம், தப்பில்லை. அரிது என்று நம்பி வாங்கினால்தான் தப்பு.

எண் போட்டிருந்தால் அரிது என்ற நம்பிக்கையும் உண்டு. பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு 1968-இல் வெளியிட்ட வெள்ளை அட்டை இரட்டை ஆல்பத்தின் தொடக்ககாலப் பிரதிகளில் வரிசை எண் அச்சிட்டார்கள். குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த முதல் எண் பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. செய்தி வந்ததும் உலகம் முழுக்கப் பரணில் கிடந்த வெள்ளை அட்டைகள் இறங்கின. எண் போட்ட பிரதிகள் லட்சக்கணக்கில் இருந்தன. ரிங்கோவின் பிரதி ஒன்றுதான் இருந்தது.

அப்படியானால் உண்மையில் அரிது எது? சில வகைகள் எனக்குத் தெரிகின்றன.

காலம் தப்பி வந்தவை ஒன்று. பிரிட்டனில் 1960-ஐ ஒட்டி, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அறுபதுகள் நெடுக 78 அடித்தார்கள். அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள் பார்லபோன் லேபிளில் 78 சுற்றுத் தட்டாக இந்தியாவில் வந்தன. இங்கிலாந்துக்காரனுக்கே இது வேடிக்கை. வாங்கியவர்கள் குறைவு, அரக்குத் தட்டு கைதவறினால் சில்லுச் சில்லு. மிஞ்சியவை கொஞ்சம்தான். அதற்குக் கொடுக்கும் விலையில் ஒரு நியாயம் இருக்கிறது.

எதிர்முனையில் எல்பியின் கடைசிக் காலம். 1990-ஐ ஒட்டிக் கேசட்டு வீட்டுக்கு வீடு வந்தபிறகு எல்பி வாங்க ஆளில்லை. அப்போதும் வந்த சில படங்களின் எல்பிகள் ஒப்புக்கு அடித்த எண்ணிக்கைதான். கோடிப் பேர் கேட்ட பாட்டாக இருக்கும், ஆனால் கேட்டதெல்லாம் கேசட்டில். இங்கே அரிதும் கிராக்கியும் ஒன்றாகச் சேர்கின்றன, விலை மேலே போகிறது. அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். என்னால் கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

விற்காமல் போனவை இன்னொரு வகை. சரண்ஜித் சிங் 1982-இல் ராகங்களை சிந்தசைசரில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து எச்.எம்.வி.யில் ஓர் எல்பி போட்டார். பத்து ராகம். யாரும் சீண்டவில்லை. இருபது வருடம் கழித்து டச்சுக்காரர் ஒருவர் டில்லியில் பழைய தட்டுகளுக்கு நடுவே அதைக் கண்டெடுத்து, 2010-இல் மறுபதிப்பு போட்டார். அமெரிக்காவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிறப்பதற்கு முன்பே அதே கருவிகளில் அதே சத்தமா என்று மேற்கத்திய இசைப் பத்திரிகைகள் அதிசயப்பட்டன. அன்று விலைபோகாமல் கிடந்ததுதான் இன்று அதை அரிதாக்கியது. அதுவும் கண்டெடுத்த பிறகுதான். 2001-இலும் அது இதே அளவு அரிதாகத்தான் இருந்தது, விலைதான் இல்லை. இந்த ஒரு வரியைத் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன்.

இந்த எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான இன்னொரு வகை இருக்கிறது. நம் ஊரில் இசைத்தட்டைத் தேய்த்தது மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று எதற்கும் விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை ஓடும். ஊசி மாற்றுவது என்பது ஊசி உடைந்தால் மட்டும். ஹிட்டான பாட்டு ஒரே நாளில் பத்துத் தடவை. வீட்டிலும் அப்படித்தான், பிடித்த பாட்டைத்தான் தேய்த்தோம். ஆகவே ஆயிரக்கணக்கில் அடித்த தட்டாக இருந்தாலும், தேயாமல் கேட்கும்படி இருக்கும் பிரதி கைவிரல் விட்டு எண்ணுகிற கணக்குதான். தட்டு அரிதல்ல. தேயாத தட்டு அரிது. விற்பனைக்காரர் போடுகிற அட்டைப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

தம்பி காட்டிய இணைய வழி முதலில். இதில் வசதி நிறைய. வீட்டில் உட்கார்ந்தபடி கனடாவில் யாரோ வைத்திருக்கும் தமிழ் ஈபியைக்கூட, அதாவது சின்ன இசைத்தட்டைக்கூட, வாங்கலாம். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் இதுவரை விற்ற விலைகளில் குறைந்தது, நடு, உயர்ந்தது என்று மூன்றும் இருக்கும். எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற எண்ணும் இருக்கும். மேற்கத்திய தட்டுக்கு இது நல்ல தராசு. தமிழ்த் தட்டுக்கு அதே தராசில் படிக்கல் சரியில்லை. "ஏழு பேரிடம்தான் இருக்கிறது" என்று அங்கே போட்டிருந்தால், அந்தத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்களில் ஏழு பேர் என்று பொருள். காரைக்குடியில் அத்தை வீட்டு அலமாரியில் இருப்பது அந்தக் கணக்கில் வராது. அத்தைக்கு டிஸ்காக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

இன்னொன்று, கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஒருவர் ஒரு தட்டை 300 டாலர் என்று போட்டு வைப்பார். யாரும் வாங்காமல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்து நம் ஊர்க்காரர் "டிஸ்காக்ஸ்ல முந்நூறு டாலர் சார், நான் பத்தாயிரத்துக்குத் தர்றேன்" என்பார். அவரைப் பார்த்து அடுத்தவர். இப்படி விற்காத ஒரு தட்டை வைத்தே ஊர் விலை ஏறிவிடும். விற்ற விலை மட்டும்தான் விலை. மற்றதெல்லாம் ஆசை.

தர மதிப்பும் ஏமாற்றும். அமெரிக்காவின் கோல்டுமைன் பத்திரிகை வகுத்த முறையைத்தான் எல்லோரும் பேருக்காவது பின்பற்றுகிறார்கள். அதில் "வெரி குட்" என்றால் ரொம்ப நல்லது என்று நாம் படிக்கிறோம். உண்மையில் அது இரைச்சல் நன்றாகக் கேட்கும் தட்டு. கிட்டத்தட்டப் புதிது என்ற தரத்துக்குக் கொடுக்கும் விலையில் கால்வாசிதான் அதற்கு. "வெரி குட் பிளஸ்" என்றால் பாதி. இந்தக் கணக்குத் தெரிந்தால் பல விளம்பரங்களைப் பார்த்துச் சிரிப்பு வரும்.

எனக்குச் சிரிப்பு வராத ஒரு கதையும் உண்டு. சில வருடங்களுக்கு முன், "கிட்டத்தட்டப் புதிது" என்று ஒருவர் விற்ற எல்பியை 4,000 கொடுத்து வரவழைத்தேன். அட்டை பளபளவென்று இருந்தது. தட்டும் பார்வைக்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரி. ஊசியை வைத்தேன். முதல் பாட்டு சுமார். இரண்டாவது பாட்டில் ஜானகி குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல ஒரு கரகரப்பு. லேபிளை நெருங்கும் கடைசிப் பாட்டில் "ச", "ஸ" வரும்போதெல்லாம் எச்சில் தெறிக்கிற சத்தம். கனமான, தேய்ந்த ஊசியில் பலநூறு தடவை ஓடிய தட்டு. பிறகு கழுவித் துடைத்து மினுக்கியிருக்கிறார்கள். கீறல் இல்லை, ஊசி ஓடும் பள்ளமான குரூவே தேய்ந்துபோயிருக்கிறது. தேய்மானத்தை எந்தத் திரவத்தாலும் கழுவ முடியாது. விற்றவருக்கு எழுதினேன். "பழைய தட்டுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று பதில் வந்தது. அதில் ஒரு தத்துவம் இருப்பதாக அவர் நினைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வாங்குமுன் நடு ஓட்டையைச் சுற்றி லேபிளை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். ஒவ்வொரு தடவை தட்டைப் பிளேயரில் வைக்கும்போதும் ஓட்டை கண்ணில் படாமல் நடுக்கம்பி லேபிளில் உரசும். அதில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழும். பத்துப் பதினைந்து கோடு என்றால் வீட்டுத் தட்டு. சிலந்தி வலை மாதிரி இருந்தால் மைக் செட். தட்டைத் துடைத்து மினுக்கலாம், லேபிளைத் துடைக்க முடியாது. காகிதம் கிழிந்துவிடும்.

இனி, கடை. சென்னையில் மூர் மார்க்கெட் என்ற பெயரே போதும். பழைய சிவப்புக் கட்டடம் 1985-இல் எரிந்துபோனது. பின்னால் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகம், நாணயம் இவற்றோடு இசைத்தட்டும் வைத்திருக்கிறார்கள். மும்பையில் கோட்டைப் பகுதி நடைபாதை, சோர் பஜார். கொல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு. கடையில் விலை மலிவு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது, அவர்களும் அதே 300 டாலரைப் பார்க்கிறார்கள். ஆனால் கடையில் ஒரு பெரிய லாபம், தட்டு உங்கள் கையில் இருக்கிறது.

கையில் எடுத்தால் என்ன பார்ப்பது? வெயிலிலோ டியூப்லைட் அடியிலோ சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் எல்லாத் தட்டும் நல்ல தட்டு. சாய்த்தால்தான் கீறல் எழும்பும். கீறல்மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ஊசியும் மாட்டும், கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். மாட்டாவிட்டால் டப் டப் சத்தத்தோடு போகும். பளபளப்புக்கு நடுவே ஒரு வளையம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருந்தால் அந்தப் பாட்டு தேய்ந்த பாட்டு. பெரும்பாலும் அதுதான் ஹிட் பாட்டாக இருக்கும். பிறகு தட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பைப் பாருங்கள். வளைந்திருந்தால் அப்பளம் மாதிரி தெரியும். அட்டையை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் வீட்டில் இருக்கும் மற்ற தட்டுகளோடு சேர்த்து வைக்காதீர்கள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக இருக்கும் வளையத்தில் எண்கள் பொறித்திருக்கும். எந்தப் பதிப்பு என்பதற்கு லேபிளைவிட அந்த எண் நம்பகமான சாட்சி. எச்.எம்.வி. எல்பியில் ஈசிஎல்பி என்று தொடங்கும் எண் மோனோ, ஈசிஎஸ்டி ஸ்டீரியோ. "ஸ்டீரியோ சார், ரேர் சார்" என்று சொல்லும்போது அட்டையின் மூலையைப் பார்த்தால் போதும், வாதாட வேண்டாம்.

78 சுற்று அரக்குத் தட்டானால் மண்சட்டி வாங்குகிற மாதிரிதான். விளிம்பில் விரலால் லேசாகச் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் எங்கோ மயிரிழை விரிசல். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு சாராயத்தில் கரையும். ஒரு நண்பர் கே.பி. சுந்தராம்பாள் தட்டு ஒன்றை அப்படித் துடைத்து, அவர் குரலைப் பஞ்சோடு எடுத்துவிட்டார்.

கடையில் பேரம் பேசுவதைவிட அடிக்கடி போவது பலன் தரும். நான்கு முறை போய் நான்கு சின்னத் தட்டு வாங்கினால், ஐந்தாவது முறை மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு வெளியே வரும். அதை எந்தத் தளத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி, மொத்தமாக அள்ளுவது. சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், செய்தால் முதுகு வலிக்கும். வீட்டைக் காலி செய்பவர்கள், கடையை மூடிய மைக் செட்காரர்கள் இவர்களிடமிருந்து பெட்டியோடு வாங்குவது. கும்பகோணம் பக்கம் ஒரு பெரியவரிடம் இரண்டு தகரப் பெட்டி வாங்கினேன். தொண்ணூறுகள் வரை மைக் செட் வைத்திருந்தவர். மொத்தம் நூற்று எண்பது தட்டு, 7,000 ரூபாய். பெரும்பாலும் ஈபி. தமிழ்ப் படப் பாட்டுக்கு எல்பியைவிட ஈபிதானே அதிகம் வந்தது, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று. ஒவ்வொரு லேபிளிலும் ஊதா மையில் அவர் கடை முத்திரை. அட்டைகளின் மூலையில் பந்துமுனைப் பேனாவால் வரிசை எண். எந்தப் பாட்டு எந்த எண் என்று ஒரு நோட்டும் இருந்தது. அதைப் பெரியவர் கொடுக்கவில்லை. "அது இருக்கட்டும் தம்பி" என்றார். நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன். நூற்றுக்கு மேல் கேட்கவே முடியாத தட்டுகள். எம்.ஜி.ஆர். பாட்டு, எழுபதுகளின் பெரிய ஹிட் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. அடியில் பத்துப் பதினைந்து ஈபி மட்டும் கண்ணாடி மாதிரி. எல்லாம் ஓடாத படங்கள். சில படங்களின் பெயரே நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாண வீட்டில் யாரும் கேட்காத பாட்டு, அதனால் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ஒன்றில் வாணி ஜெயராம் பாட்டு ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஈபியை யாராவது விலைக்குக் கேட்டால் 200 ரூபாய்க்கு மேல் கேட்க மாட்டார்கள். அதே பெட்டியில் தேய்ந்து கிடந்த ஓர் எல்பியைக் காட்டினால், கேட்கவே முடியாத அந்தத் தட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது. அட்டையை மாட்டி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.

இந்த வழி லாபம் என்று சொல்ல வரவில்லை. வண்டிச் செலவு, இடம், நேரம், வீட்டில் கேட்கும் பேச்சு எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் ஒரு நல்ல தட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு விழுந்திருக்கும். ஆனால் விலை ஏற்றிச் சொல்லும் கை நடுவில் இல்லை. வேறெங்கும் தேடியே இருக்க மாட்டீர்கள் என்ற தட்டு இந்த வழியில்தான் வரும்.

நான்காவது, மறுபதிப்பு. எச்.எம்.வி. தட்டுகளைப் போட்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா சரிகமா என்று பெயர் மாறிய பிறகு, பழைய பாட்டுகளை மறுபடியும் எல்பியாகப் போடுகிறார்கள். வேறு நிறுவனங்களும் போடுகின்றன. வெளிநாட்டுச் சிறு லேபிள்களும் உண்டு. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் லேபிள் 2011-இல் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான பாட்டுகளில் சிலவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அந்த மாதிரித் தொகுப்புகளுக்குப் பிறகுதான் இளையராஜா எல்பியைத் தேடி வெளிநாட்டு டிஜேக்கள் வரத் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம். தம்பி காட்டிய 9,500-க்கு வேர் அங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

மறுபதிப்பு விலை இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் வரை போகிறது. தட்டு புதிது, கரகரப்பு இல்லை, அட்டை முழுசு. குறை என்னவென்றால், அசல் நாடாவிலிருந்து எடுத்ததா, கணினியில் இருந்த கோப்பிலிருந்து எடுத்ததா என்பதைப் பலர் அட்டையில் எழுதுவதில்லை. கோப்பிலிருந்து எடுத்ததென்றால், கைப்பேசியில் கேட்பதையே மூவாயிரம் கொடுத்துச் சுற்றவிட்டுக் கேட்கிறோம். சிலருக்கு அதுவும் பிடிக்கும், எனக்கும் சில நாள் பிடிக்கும். ஆனால் "குறைந்த எண்ணிக்கை, ஐந்நூறு பிரதி மட்டும், நிறத் தட்டு" என்று போட்டு விலை ஏற்றினால் தள்ளி நிற்பது நல்லது. தானே திட்டமிட்டுக் குறைத்து அடித்துவிட்டு அரிது என்று சொல்வது, தியேட்டர்காரரே டிக்கெட்டைப் பதுக்கி பிளாக்கில் விற்பது மாதிரி.

தம்பிக்கு என்ன சொன்னேன்? பாட்டுக் கேட்கத்தான் வாங்குகிறாய் என்றால் 9,500 வேண்டாம் என்றேன். முதலில் மூவாயிரத்துக்குள் பிளேயருக்கு ஒரு நல்ல ஊசி. மலிவு பிளேயரோடு வரும் ஊசியில் ஓட்டினால் இருக்கும் நல்ல தட்டையும் நாமே மைக் செட் ஆக்கிவிடுவோம். பிறகு, மிகவும் பிடித்த ஆல்பம் ஒன்று மறுபதிப்பில் இருந்தால் அது ஒன்று. மீதி மூவாயிரம், நான்காயிரத்தை வைத்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு கடைக்குப் போ. தெரியாத படத்தின் ஈபி, தேயாமல் இருந்தால், நூறு நூற்றைம்பதுக்கு வாங்கு. பிடிக்காவிட்டால் நட்டம் ஒரு பிரியாணி.

மொத்தமாக அள்ளும் வழியை அவனுக்குச் சொல்லவில்லை. வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, போன வருடம்தான் கல்யாணம் ஆனது.

அந்த எல்பிதான் வேண்டும், அது கையில் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. அவர்கள் 9,500 கொடுப்பதை நான் தடுக்கப்போவதில்லை. விற்ற விலையைப் பார்த்துவிட்டு, லேபிள் படத்தைக் கேட்டுவிட்டு, தேயவில்லை என்று உறுதியானால் கொடுக்கட்டும். அப்படி ஒரு பிரதி உண்மையிலேயே எளிதில் கிடைக்காது. கொடுக்கும்போது அரிதுக்குக் கொடுக்கிறோமா, கிராக்கிக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுத்தால் சரி.

போன வெள்ளிக்கிழமை தம்பி மறுபடி கைப்பேசியை நீட்டினான். அதே தட்டு, அதே தீ பொம்மை, அதே "கடைசி பீஸ்". விலை மட்டும் 7,800. "இப்ப வாங்கலாமா அண்ணே?" நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். உடனே செய்தி அனுப்பினான். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. இன்றைக்குத் திங்கள், பதில் வரவில்லை.